ஏழிலை விதி: ஒரு மறுப்பு

ரோஜாச் செடியின் ஒரு காம்பில் ஐந்து இலைகள் இருந்தால் அது பூக்கும் நல்ல ரோஜா, ஏழு இருந்தால் அது பூக்காத காட்டு ரோஜா, ஆகவே ஏழிலை கண்ட தண்டை அடியோடு வெட்டி எறிந்துவிட வேண்டும் என்னும் விதி தமிழகத்தின் வீட்டுத் தோட்டங்களிலும் மாடித் தோட்டங்களிலும் கேள்விக்கு இடமில்லாத அறிவாக நிலவி வருகிறது. நாற்றுப் பண்ணையில் செடி விற்பவர் அதைச் சொல்லி அனுப்புகிறார். வாங்கியவர் அடுத்த வீட்டாருக்குச் சொல்கிறார். சில ஆண்டுகளில் அது தாத்தா காலத்து அனுபவம் என்ற மதிப்பையும் பெற்றுவிடுகிறது. எண்ணத் தெரிந்த குழந்தைக்கும் பிடிபடும் அளவு எளிதான ஒரு விதி இப்படிப் பரவியதில் வியப்பில்லை. ஆனால் அது தவறான விதி. சமவெளியின் வெயிலைத் தாங்கி ஆண்டின் பெரும்பகுதி பூக்கும் ஆற்றல் கொண்ட பழைய புதர் ரோஜாக்களை, குறிப்பாகப் பன்னீர் ரோஜா என்று வழங்கும் செடியை, அதை ஆசையாக வளர்ப்பவரின் கையாலேயே ஆண்டுதோறும் முடமாக்கும் விதியும் அதுவே.

முதலில், எண்ணப்படுவது எது என்பதில் தெளிவு வேண்டும். ஒரு காம்பில் ஐந்தாகவும் ஏழாகவும் தெரிபவை தனித்தனி இலைகள் அல்ல. அவை ஒரே இலையின் உறுப்புகள். இத்தகைய இலையைத் தாவரவியலார் கூட்டிலை என்பர். அதன் உறுப்புகள் சிற்றிலைகள் எனப்படும். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தில் ஒரு மொட்டு இருக்கும் என்பதும், சிற்றிலைகளின் கக்கத்தில் அவ்வாறு எந்த மொட்டும் இராது என்பதும் ஒரு செடியைக் கையில் எடுத்துப் பார்ப்பவர் எவரும் உறுதி செய்துகொள்ளக்கூடியவை. நுனியில் ஒன்றும் பக்கங்களில் இணையிணையாகவும் சிற்றிலைகள் அமைவதால் ரோஜாவின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக, ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்றே வரும். இந்த எண்ணிக்கை ஒரே செடியில்கூட நிலையானது அன்று. பூவுக்கு நேர் கீழே உள்ள இலையில் பெரும்பாலும் மூன்று சிற்றிலைகளோ ஒன்றே ஒன்றோ இருக்கும். தண்டின் நடுவில் ஐந்து இருக்கும். செடியின் அடியிலிருந்து மழைக்குப் பின் வேகமாக எழுந்து வரும் தடித்த தண்டில் ஏழு வருவது பல வகைகளில் இயல்பு. ஏழிலை விதி உண்மையாயின், ஒரே தண்டு அடியில் காட்டு ரோஜாவாகவும் நடுவில் நல்ல ரோஜாவாகவும் இருக்கிறது என்றல்லவா கொள்ள வேண்டியிருக்கும்!

இனங்களை ஒப்பிட்டுப் பார்த்தால் விதியின் வலுவின்மை இன்னும் தெளிவாகும். சீன ரோஜாவில் சிற்றிலைகள் 3 முதல் 5 வரை. ஐரோப்பாவின் பழைய காலிக்கா ரோஜாவிலும் ஏறத்தாழ அவ்வளவே. டமாஸ்க் ரோஜாவில் 5 முதல் 7 வரை. ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகப் பயன்படும் மல்டிஃபுளோரா ரோஜாவில் 5 முதல் 9 வரை. கடற்கரை மணலிலும் வளரும் கிழக்காசிய ருகோசா ரோஜாவிலும் 5 முதல் 9 வரை. நீலகிரியிலும் பழனி மலைத்தொடரிலும் இயற்கையாக வளர்ந்து வெள்ளைப் பூப் பூக்கும் காட்டு ரோஜாவுக்கு, புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலார் லெஷ்னோவின் பெயரால் ரோசா லெஷ்னோல்டியானா என்று பெயர்; அதில் ஐந்தும் ஏழும் கலந்தே வருகின்றன. காட்டில் வளரும் இனங்களில் மூன்றே சிற்றிலை உடையதும் உண்டு; தோட்டத்தில் போற்றப்படும் இனங்களில் ஏழும் ஒன்பதும் உடையவை பல உண்டு. எண்ணிக்கைக்கும் காட்டுத்தன்மைக்கும் இடையில் இயற்கை எந்த உறவையும் வைக்கவில்லை.

அப்படியானால் இந்த விதி எங்கிருந்து வலிமை பெற்றது என்று கேட்பது நியாயமானதே. அதற்கு நேர்மையான விடையும் உண்டு. இன்று பண்ணைகளில் விற்கும் பெரிய பூ ரோஜாக்களில் மிகப் பல மொட்டு ஒட்டுக் கட்டியவை, அதாவது வேரும் அடித்தண்டும் ஒரு செடியாகவும், அதன்மேல் ஒரே மொட்டைச் செருகி வளர்த்த மேற்பகுதி வேறொரு செடியாகவும் ஆனவை. மேற்பகுதி பெரும்பாலும் ஹைப்ரிட் டீ எனப்படும் கலப்பினம். 1867இல் பிரான்சின் கீயோ வெளியிட்ட ‘லா ஃப்ரான்ஸ்’ அந்த வரிசையின் முதல் ரோஜாவாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. சீன ரோஜாவின் இரத்தம் அவற்றில் மிகுதியாக ஓடுவதால் அவற்றின் இலையில் ஐந்து சிற்றிலைகளே வழக்கம். கீழே உள்ள வேர்ச்செடியோ தென்னிந்தியப் பண்ணைகளில் பெரும்பாலும் முள் குறைந்த மல்டிஃபுளோரா. அதில் ஏழும் ஒன்பதும் வழக்கம். சமவெளியின் கோடையில் மேற்பகுதி நுனிக்கருகலால் படிப்படியாகக் காய்ந்து போக, வேர்ச்செடி மட்டும் உயிர்த்து, நீண்டு வளைந்த பச்சைத் தண்டுகளை வீசிப் பூவே இல்லாமல் படர்கிறது. ஆசையோடு வாங்கி வந்த சிவப்பு ரோஜா இரண்டாம் ஆண்டில் இப்படி மாறி நிற்பதைக் கண்ட ஒருவருக்கு அந்த ஏழு சிற்றிலைகள் துரோகத்தின் அடையாளமாகத் தோன்றியதைக் குறை சொல்ல முடியாது. ஐந்திலை மேற்செடியும் ஏழிலை வேர்ச்செடியும் சேர்ந்த அந்த ஒரு கூட்டணிக்கு மட்டும் ஏழிலை என்பது ஓர் எச்சரிக்கைக் குறியாகப் பயன்படும். குறிப்பிட்ட ஒரு கூட்டணியின் குறியை ரோஜாக் குடும்பம் முழுமைக்குமான சட்டமாக உயர்த்தியதுதான் பிழை.

அந்தக் கூட்டணிக்குள்ளேயே கூட விதி முழுமையாக நிற்பதில்லை. 1875இல் அதே கீயோவின் கையிலிருந்து வந்த ‘பாக்கெரெட்’ என்னும் சிறு ரோஜா, மல்டிஃபுளோராவின் வழிவந்த பாலியாந்தா வரிசையின் முதலாவது என்று கொள்ளப்படுகிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கின் போல்சன் குடும்பத்தினர் அந்தப் பாலியாந்தாவைப் பெரிய பூ ரோஜாக்களோடு கலந்ததிலிருந்து, கொத்துக் கொத்தாகப் பூக்கும் ஃபுளோரிபண்டா வரிசை உருவானது. ஆக, இன்று தோட்டங்களில் கொத்தாகப் பூத்து நிற்கும் ரோஜாக்கள் பலவற்றின் முன்னோரில் ஒன்று, வேர்ச்செடி என்று இகழப்படும் அதே மல்டிஃபுளோரா. அவற்றில் ஏழு சிற்றிலை தோன்றுவது பாட்டியின் சாயல் பேத்தியின் முகத்தில் தெரிவதற்கு ஒப்பானது. அதற்காகத் தண்டை வெட்டுவது அறியாமை.

விதியின் கேடு உச்சம் அடைவது பன்னீர் ரோஜாவில். வேளாண்மைத் துறையினர் எட்வர்ட் ரோஜா என்று குறிக்கும் இளஞ்சிவப்பு நிற மணப்பூச் செடியே பல ஊர்களில் பன்னீர் ரோஜா எனப்படுகிறது. மாலைக்கும் உதிரிப்பூ விற்பனைக்கும் நெடுங்காலமாகப் பயிராகி வருவது அது. எட்வர்ட் என்ற பெயர் இந்தியப் பெருங்கடலின் ரெயூனியன் தீவோடு தொடர்புடையது. பின்னாளில் தமிழர் பலர் ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்று குடியேறிய அந்தத் தீவு, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்பன் தீவு என்று வழங்கியது. அங்கே வயல்களுக்கும் தோட்டங்களுக்கும் ரோஜாவையே வேலியாக நடும் வழக்கம் இருந்தது. டமாஸ்க் வகையில் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் பூக்கும் இலையுதிர்கால டமாஸ்க்கும், இளஞ்சிவப்புச் சீன ரோஜாவும் அந்த வேலிகளில் அருகருகே நின்றன. அவை இயற்கையாகக் கலந்து பிறந்த செடியை 1817இல் அங்கே வந்த தாவரவியலார் பிரேயோன் கவனித்தார். 1819இல் அதன் விதை பாரிஸ் பக்கம் ழாக் என்னும் தோட்டக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அதிலிருந்து போர்பன் ரோஜா என்ற குழுவே கிளைத்தது. தீவு மக்கள் அந்த மூலச் செடியை எதுவார் ரோஜா என்று அழைத்தனர். ஆங்கில ஒலிப்பில் எட்வர்ட் ஆனது அதுவே.

இந்தப் பிறப்பு வரலாறு ஏழிலை விதிக்கு நேரடியான மறுப்பு. தாய் தந்தையில் ஒன்று 5 முதல் 7 சிற்றிலை உடைய டமாஸ்க். மற்றொன்று 3 முதல் 5 சிற்றிலை உடைய சீன ரோஜா. அவற்றின் பிள்ளையில் ஐந்தும் ஏழும் ஒரே புதரில் கலந்து வருவதுதான் எதிர்பார்க்க வேண்டியது. அந்தக் கலப்பே அதன் பிறப்புச் சான்று. டமாஸ்க்கின் பக்கம் ஏழு எங்கிருந்து வந்தது என்று மேலும் துருவினால் அதற்கும் விடை இருக்கிறது. 2000இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இவாடா, கட்டோ, ஓனோ ஆகியோர் வெளியிட்ட மரபணு ஆய்வு, டமாஸ்க் ரோஜா காலிக்கா, மொஸ்காட்டா, ஃபெட்செங்கோவானா ஆகிய மூன்று இனங்களின் கலப்பு என்று காட்டியது; அவற்றுள் நடு ஆசியாவின் ஃபெட்செங்கோவானாவில் ஏழு சிற்றிலை என்பது வழக்கமான எண். பன்னீர் ரோஜாவின் இலையில் ஏழு எண்ணுகிறவர் நடு ஆசிய மலைகளிலிருந்து வந்த ஒரு முன்னோரின் கைரேகையைப் பார்க்கிறார்.

இதைவிட முக்கியமானது இன்னொன்று. பன்னீர் ரோஜா பெரும்பாலும் குச்சி நட்டு வளர்ப்பது. குச்சியில் வேர் பிடித்து வளர்ந்த செடியில் வேர்ச்செடி என்று தனியாக ஒன்று இல்லவே இல்லை. வேரும் தண்டும் பூவும் ஒரே செடி. அங்கே மண்ணுக்குள்ளிருந்து எழும் எந்தத் துளிரும், அதில் ஐந்து இருந்தாலும் ஏழு இருந்தாலும், பன்னீர் ரோஜாவே. வெட்டுவதற்கு அதில் காட்டு ரோஜா ஏது? இந்த எளிய உண்மையை மறந்து, ஒட்டுச் செடிக்கான அச்சத்தைக் குச்சிச் செடியின் மேல் ஏற்றுவதால் விளையும் சேதம் கண்கூடானது. புதர் ரோஜா மரத்தைப் போல ஒரே அடித்தண்டை ஆண்டாண்டுக்கும் பருக்க வைத்து வாழ்வதன்று. பழைய தண்டு சில ஆண்டுகள் பூத்துக் களைத்து, பட்டை பழுத்து, முள் உதிர்ந்து நிற்கும்போது, அடியிலிருந்து புதுத்தண்டு எழுந்து அதன் இடத்தைப் பிடிக்கிறது. அந்தப் புதுத்தண்டு சுண்டுவிரல் பருமனில், செம்பச்சை நிறத்தில், முள்ளெல்லாம் இன்னும் மிருதுவாகவும் சிவந்தும் இருக்க, ஒரே மாதத்தில் இடுப்பு உயரம் வந்துவிடும். அதன் இலைகள் செடியிலேயே மிகப் பெரியவை. அவற்றில்தான் ஏழு சிற்றிலை அதிகம் தென்படும். விதியைக் கையில் வைத்துக்கொண்டு அதை வெட்டுகிறவர் செடியின் அடுத்த மூன்று நான்கு ஆண்டுப் பூவை வெட்டுகிறார். இப்படி இரண்டு மூன்று பருவம் கழிந்தால், கிழட்டுத் தண்டுகள் மட்டும் எஞ்சி, பூ சிறுத்து, செடி மெல்ல மடிகிறது. ‘எங்கள் மண்ணுக்கு ரோஜா ஒத்துவரவில்லை’ என்ற முடிவுக்கு வீட்டார் வருகின்றனர். மண் செய்த குற்றம் எதுவும் அங்கே இல்லை.

இந்த விதியைக் காப்பவர்கள் சொல்லும் வலுவான வாதம் ஒன்று உண்டு. புதிதாக வளர்ப்பவருக்குத் தாவரவியல் தெரியாது, எளிய விதி ஒன்று இருந்தால்தான் அவர் பிழைப்பார், ஒன்றிரண்டு நல்ல தண்டு போனாலும் பரவாயில்லை என்பது அது. எளிமை வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் இலை எண்ணுவதைவிட எளிதானதும் பிழைபடாததுமான சோதனை ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது தவறான எளிமையை ஏன் கற்பிக்க வேண்டும்? சந்தேகத்துக்குரிய தண்டின் அடி மண்ணை விரலால் விலக்கி, அது எங்கிருந்து புறப்படுகிறது என்று பார்ப்பதே அந்தச் சோதனை. ஒட்டுச் செடியானால், தண்டின் அடியில் முழங்கை முட்டுப் போல ஒரு வீக்கம் தெரியும். அதுவே ஒட்டுக் கட்டிய இடம். அதற்கு மேலிருந்து வந்தது வாங்கிய ரோஜா. அதற்குக் கீழிருந்தோ வேரிலிருந்தோ வந்தது வேர்ச்செடியின் துளிர். வீக்கமே இல்லையெனில், ஒட்டுப் பகுதி ஆழமாகப் புதைந்திருக்கிறதா என்று இன்னும் சற்றுத் தோண்டிப் பார்க்கலாம்; குச்சி நட்டது தன் கையால் என்று தெரிந்தால் அந்தச் சிரமமும் வேண்டாம்.

அதற்கு மேலும் உறுதி தேவைப்பட்டால் செடியே பல சான்றுகளை நீட்டுகிறது. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், காம்பின் இருபுறமும் ஒட்டிய இரு சிறு பச்சைச் சிறகுகள் இருக்கும். இவை இலையடிச் செதில்கள். மல்டிஃபுளோராவில் இந்தச் செதிலின் ஓரம் சீப்பின் பற்களைப் போல ஆழமாகக் கிழிந்து இழையிழையாக நீளும். ஒரு முறை பார்த்துவிட்டவர் பிறகு அதைத் தவறவிடவே முடியாது. பன்னீர் ரோஜாவில் அந்தச் செதில் அவ்வாறு கிழிவதில்லை, ஓரத்தில் பிசுபிசுப்பான நுண்மயிர்கள் மட்டுமே இருக்கும். வட இந்தியாவில் பயன்படும் வேறு வேர்ச்செடிகளுக்கு இந்தச் சீப்பு ஓரம் கிடையாது என்பதால் இது எல்லாவற்றுக்குமான சோதனை அன்று. தென்னகத்தில் மிகுதியாகப் பயன்படும் ஒன்றை மட்டும் இது பிடித்துக் கொடுக்கும். அந்த வட இந்திய வேர்ச்செடிகளில் ஒன்று வேறெதுவும் இல்லை, எட்வர்ட் ரோஜாதான் என்பது விதியின் ஆதரவாளர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. ஒருவர் வேர்ச்செடி என்று தள்ளுவதே மற்றொருவர் தோட்டத்தில் மாலைப்பூவாகப் பறிக்கப்படுகிறது.

எண்ணிக்கையை நம்புவதற்கும் பெயரை நம்புவதற்கும் அதிக தூரமில்லை. பன்னீர் ரோஜா என்றாலே அது பல்கேரியாவின் கசான்லக் பள்ளத்தாக்கில் அத்தருக்குப் பயிராகும் டமாஸ்க் ரோஜாதான் என்று எழுதுவதும் இதே வகைப் பிழை. பன்னீர் என்ற சொல் தமிழில் மணத்தின் பெயர். திருச்செந்தூரில் எந்த இலையில் திருநீறு தரப்படுகிறதோ அந்தப் பன்னீர் மரம் ரோஜாவுக்கு உறவே இல்லாதது. புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை, மஸ்கட் ஹாம்பர்க் என்னும் திராட்சை வகை. ஒரு மணப்பெயரை வைத்துச் செடியின் குலத்தைத் தீர்மானிக்க இயலாது. கசான்லக்கின் டமாஸ்க் குளிர்காலத்தில் உறங்கி, மே, ஜூனில் ஒரே ஒரு பருவம் பூத்து ஓய்வது. சென்னையிலோ மதுரையிலோ வீட்டு வாசலில் ஆண்டு முழுவதும் விட்டுவிட்டுப் பூக்கும் செடி அதுவாக இருக்க முடியாது. இந்தப் பெயர்க் குழப்பம் வளர்ப்பு முறையையும் கெடுக்கிறது. டமாஸ்க்குக்குக் குளிர் வேண்டும் என்று படித்தவர் செடியை நிழலில் ஒதுக்குகிறார். நிழலில் தண்டு இளைத்து, சாம்பல் நோய் பற்றி, பூ குறைகிறது. போர்பன் வழிவந்த செடிக்குத் தேவை நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில்.

அடையாளம் காண்பது பூக்காலத்தில் இன்னும் எளிது. மொட்டை மூடியிருக்கும் ஐந்து புல்லி இதழ்களைப் பிரித்துப் பார்த்தால், டமாஸ்க் இரத்தம் உள்ள ரோஜாவில் இரண்டின் இரு ஓரங்களிலும் மீசைபோல் கிளைத்த இழைகள் இருக்கும், இரண்டின் ஓரங்கள் வழுவழுப்பாக இருக்கும், மீந்த ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் மீசை இருக்கும். மொட்டுக்குள் அவை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி மடிந்த முறையில் வெளியே தெரிந்த ஓரம் மட்டும் கிளைப்பதால் விளையும் அழகு இது. ஐரோப்பாவில் ஐந்து சகோதரர் விடுகதையாகவே இது வழங்குகிறது. சீன ரோஜாவின் புல்லி இதழ்கள் பெரும்பாலும் கிளைக்காதவை. பூவின் அடியில் கனியாகப் போகும் பகுதி டமாஸ்க்கில் ஒடுங்கி நீண்டும், போர்பன் வகையில் சற்றுத் திரண்டும் இருக்கும். தண்டின் முள்ளையும் பார்க்க வேண்டும்: டமாஸ்க்கில் பெரிய வளைமுள்ளோடு ஊசி போன்ற சிறுமுட்களும் பிசுபிசுப்பு மயிர்களும் நெருங்கிக் கலந்து வரும், போர்பன் வகையில் முள் குறைந்து, வளைந்த பெரு முட்களே மேலோங்கும். இவற்றில் எந்த ஒன்றும் தனியாக முடிவைத் தராது. நான்கைந்து சான்றுகள் ஒரு திசையைக் காட்டும்போதுதான் பெயர் வைக்கலாம்.

வளர்ப்பைப் பற்றி நீண்டு சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின், பூத்து முடிந்த தண்டில் பென்சில் பருமனுள்ள பகுதியை ஒரு சாண் அளவில் மூன்று நான்கு கணுக்களோடு நறுக்கி, அடிக்கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, ஈரம் காக்கும் மணல் கலந்த மண்ணில் நட்டு நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர் பிடிக்கும். நிலத்தில் 45 செ.மீ. அளவுக் குழியில் தொழு உரம் கலந்து நட்டு, நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான கவாத்தில் அகற்ற வேண்டியவை காய்ந்த, பட்டை பழுத்த, உள்நோக்கி வளரும் தண்டுகள். அடியிலிருந்து எழுந்த புதுத்தண்டின் நுனியை மட்டும் கிள்ளினால் அது கிளைத்துப் பூக்கும். கோடையில் மேல்தண்டெல்லாம் கருகினாலும் குச்சியில் வந்த செடி வேரிலிருந்து அதே ரோஜாவாக மீண்டும் எழும். ஒட்டுச் செடிக்கு இல்லாத இந்த ஆயுள் உறுதி, எந்தப் பெரிய பூவின் கவர்ச்சியையும்விடச் சமவெளித் தோட்டத்துக்கு மதிப்பு மிக்கது.

ஏழும் அதற்கு மேலும் சிற்றிலை உடைய காட்டினங்களை வெறுத்து ஒதுக்குவதற்கு மாறாக, அவற்றைத் தேடிப் போனவரும் தமிழகத்தில் உண்டு. இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகிக் கொடைக்கானலில் வாழ்ந்து ரோஜாக்களை உருவாக்கிய வீரராகவன், வங்கத்தின் ஈர நிலங்களில் வளரும் கிளினோஃபில்லாவையும் மணிப்பூரின் ஜைஜான்டியாவையும் கொண்டு, வெப்ப நாடுகளுக்கு ஏற்ற ரோஜாக்களைப் படைக்கப் பல்லாண்டுகள் உழைத்தார். வெப்பத்தைத் தாங்கும் வலிமை இருப்பது அந்தக் காட்டு இரத்தத்தில் என்பதே அவர் முயற்சியின் அடிப்படை.

ஆகவே ரோஜா வளர்க்கும் ஒவ்வொருவரிடமும் வேண்டிக்கொள்ளத்தக்கது ஒன்றே: வரும் கவாத்துக் காலத்தில் ஏழு சிற்றிலை கண்ட தண்டின்மேல் கத்தரியை வைக்கும் முன், அதன் அடி மண்ணை விலக்கி, அது எங்கிருந்து எழுகிறது என்று பாருங்கள்; ஒட்டின் கீழிருந்து வந்ததாகக் கண்ணால் காணாத எந்தத் தண்டையும் வெட்டாதீர்கள்.